அட்டையைக் கழுத்தில் மாட்டுவதா, மடியில் வைப்பதா?

(ஜவ்வாது மலையில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுவில், மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மார்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, கடன், சாமை விலை என்று பேசுகிற மேடையில் புள்ளைங்களைப் பத்திப் பேச எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கீங்க. அதுக்கு முதலில் நன்றி.

நாங்கள் ஐந்து பேர். ஐந்து வேறு வேறு குழுவில் இருக்கிறோம். மூன்று பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம். ஒருத்தர் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. இன்னொருத்தர் மகனுக்கு வலிப்பு வரும். இந்த ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்தால் யாருக்கு என்ன குறை என்று உங்களால் சொல்ல முடியாது. கை கால் நல்லா இருக்கும். முகம் லட்சணமா இருக்கும். எங்கள் கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

பேருந்தில் நடந்தது

ஒரு நாள் காலையில் ஜமுனாமரத்தூரில் இருந்து போளூருக்கு பஸ் ஏறினோம். திருவண்ணாமலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம். எங்களில் ஒருத்தருடைய ஏழு வயசுப் பையனுக்கு அன்றைக்குத்தான் சான்றிதழ் வாங்குவதாக இருந்தது. ஒரு நாள் கூலியை விட்டு, குழுவில் 500 ரூபாய் கைமாற்று வாங்கிக் கொண்டு கிளம்பினோம்.

மலையில் பஸ் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடிப்பார்கள். அடிக்கத்தான் வேண்டும், எதிரே வண்டி வருமே. நமக்கு அது வெறும் சத்தம். அந்தப் பையனுக்கு அது காதுக்குள்ளே ஆணி இறக்குகிற மாதிரி. மூணாவது வளைவிலேயே காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். ஜன்னல் கம்பியில் தலையை முட்டினான். பிடித்தால் கடித்தான்.

"ஏம்மா, புள்ளைய அடக்க மாட்டியா?" என்றார் ஒருத்தர். "ரெண்டு அடி போட்டா சரியாயிடும்" என்றார் இன்னொருத்தர். பின்னாடி இருந்து ஒரு பாட்டி, "காத்து கருப்பு அடிச்சிருக்கும், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ தாயி" என்றார். பாசத்தில்தான் சொன்னார். கடைசியில், மத்தவங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று எங்களைப் பாதி வழியில் இறக்கி விட்டார்கள்.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ரோட்டோரமாக உட்கார்ந்திருந்தோம். இறங்கின பத்தாவது நிமிஷம் பையன் அமைதியாகி, புளியமரத்தடியில் கல்லை வரிசையாக அடுக்கிக் கொண்டிருந்தான். அவன் அம்மாதான் அழுதுகொண்டே இருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகாம் முடிந்திருந்தது. அடுத்த முகாமுக்கு நாலு மாசம் காத்திருந்தோம்.

அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில்தான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இவன் கழுத்துல ஒரு அட்டை மாட்டி, 'எனக்கு ஆட்டிசம், கோவிச்சுக்காதீங்க'ன்னு எழுதியிருந்தா நம்மள இறக்கி விட்டிருப்பாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை மாசமாக நாங்கள் பேசிக் கொண்டிருக்கிறோம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

தமிழில் இதை 'மதி இறுக்கம்' என்றும் சொல்வார்கள். இது ஒட்டிக் கொள்கிற நோய் இல்லை. சாமி குத்தம் இல்லை. தடுப்பூசியால் வருவது இல்லை. அம்மா பாசம் காட்டாததால் வருவதும் இல்லை. மூளை வளருகிற விதத்திலேயே ஒரு வித்தியாசம். சில பிள்ளைகள் பேசுவார்கள், சிலருக்குப் பேச்சு வராது. சிலர் நன்றாகப் படிப்பார்கள். சத்தம், வெளிச்சம், கூட்டம், திடீர் மாற்றம் இதெல்லாம் பலருக்குத் தாங்காது. பஸ்ஸில் அந்தப் பையன் செய்தது பிடிவாதம் இல்லைங்க, வலி.

சட்டத்துக்கே இது ரொம்ப நாள் கண்ணில் படவில்லை. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக வந்து கேட்டார்களே, அந்தப் படிவத்திலும் ஆட்டிசத்துக்குத் தனியாக ஒரு கட்டம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக் கொண்டது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் ஏழை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் உள்ளே கொண்டு வந்தது. சட்டத்துக்கே அவ்வளவு நாள் ஆச்சு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

"மாட்டினால் நல்லது" என்றவர்கள்

எங்களில் மூணு பேர் அட்டை வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வண்டி ஓட்டப் பழகுகிறவர் 'எல்' போர்டு மாட்டுகிறார். பின்னால் வருகிறவர் ஆரன் அடிக்காமல் பொறுத்துப் போகிறார். பார்வை இல்லாதவர் கையில் வெள்ளைக் கோல் இருந்தால் வண்டி நிற்கிறது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரு அடையாளம் இருக்கக் கூடாது?

வெளிநாட்டிலும் இது உண்டு. ஜப்பானில் டோக்கியோ மாநகர அரசு 2012-இல் ஒரு சிவப்பு வில்லையைக் கொண்டு வந்தது. அதில் வெள்ளையில் ஒரு கூட்டல் குறி, ஒரு இதயம். பையில் தொங்க விட்டுக் கொள்ளலாம். இங்கிலாந்தில் 2016-இல் கேட்விக் விமான நிலையத்தில், சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப் பட்டையைக் கொடுத்தார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் விருப்பப்பட்டால் மாட்டிக் கொள்ளலாம். இப்போது பல நாடுகளுக்குப் பரவி, நம்ம பக்கத்தில் பெங்களூரு விமான நிலையம் வரை வந்துவிட்டது.

இந்த இரண்டிலும் ஒரு விஷயம் கவனியுங்க. வில்லையிலோ பட்டையிலோ என்ன குறைபாடு என்று எழுதியிருக்காது. 'எனக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படலாம்' என்று மட்டும்தான் அது சொல்கிறது. மாட்டிக் கொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதும் கிடையாது.

"வேண்டவே வேண்டாம்" என்றவர்கள்

எங்களில் இரண்டு பேர் ஒத்துக் கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு எல்லாரும் வாயடைத்துப் போனோம்.

"உடம்பு மேல அடையாளம் வெச்சா என்ன ஆகும்னு பொம்பளைங்க நமக்குத் தெரியாதா? புருஷன் செத்ததும் பொட்டை அழிச்சாங்க, பூவை எடுத்தாங்க, வெள்ளைச் சேலை குடுத்தாங்க. அனுதாபம் காட்டத்தான்னு சொன்னாங்க. கல்யாண வீட்டு வாசல்ல அந்தச் சேலையப் பாத்துத்தானே நம்மள ஒதுக்குனாங்க? அந்த அடையாளத்தை நாம கேட்டா வாங்குனோம்?"

காது கேட்காத பெண்ணின் அம்மா வேறு ஒன்று சொன்னாள். "என் மவளுக்குப் பன்னெண்டு வயசு. 'இவளுக்குக் கேக்காது, பேச்சு சரியா வராது'ன்னு நெஞ்சுல எழுதித் தொங்க விட்டா, நல்லவன் கண்ணுல மட்டுமா படும்? என்ன பண்ணாலும் இவ வெளிய சொல்ல மாட்டான்னு கெட்டவனும் படிச்சுக்குவான்."

பெண் பிள்ளை வைத்திருக்கிற எல்லாரும் இதை யோசிக்க வேண்டும்.

வலிப்பு உள்ள பையனின் அம்மா அவனிடமே கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பதினாறு வயசு. "ஸ்கூல்ல இப்பத்தான் கூப்பிட்டு வெளையாட சேத்துக்கறாங்க. அட்டை மாட்டுனா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். சம்பந்தப்பட்டவனைக் கேட்காமல் நாம் ஐந்து பேரும் இத்தனை நாள் பேசிக் கொண்டிருந்தோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

படிக்கத் தெரியாதவர்களிடம் பலகை

பிறகு சான்றிதழ் கிடைத்தது. தனித்துவ அடையாள அட்டையும் வந்தது. அதோடு ஒரு நாள் பஸ் ஏறினோம். பையன் கத்த ஆரம்பித்தான். மடியில் இருந்து அட்டையை எடுத்துக் காட்டினோம். அவர் அட்டையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "பையன் நல்லாத்தானே இருக்கான்? இதுக்கெல்லாமா கார்டு குடுக்குறாங்க?" என்றார்.

அட்டை இல்லாதபோது எங்களைப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்றார்கள். அட்டை வந்த பிறகு பொய் சொல்கிறோம் என்கிறார்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. 'எல்' போர்டைப் பார்த்து எல்லாரும் ஒதுங்குகிறார்கள் என்றால், அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சூரியகாந்திப் பட்டையை விமான நிலையத்தில் மாட்டினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதே பட்டையை நம்ம புதூர்நாட்டிலோ காவலூரிலோ மாட்டினால், பூப்போட்ட கயிறு அழகா இருக்கு, எங்க வாங்கினீங்க என்றுதான் கேட்பார்கள். படிக்கச் சொல்லிக் கொடுக்காத ஊரில் பலகை வைத்த கதைதான்.

படித்தவர்கள் ஊரிலும் இப்படித்தான். 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு சிறப்புக் குழந்தை பதற்றத்தில் இருந்தான். மற்ற பயணிகளுக்கு ஆபத்து என்று சொல்லி விமான நிறுவனம் அவனை ஏற்றவில்லை. அவனோடு அப்பா அம்மாவும் நின்றுவிட்டார்கள். அவனுக்கு என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. கூட இருந்த பயணிகள், அதில் டாக்டர்களும் உண்டு, அவனை ஏற்றிக்கோங்க என்று வாதாடினார்கள். அப்படியும் நடக்கவில்லை. பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரித்து, அந்த நிறுவனத்துக்கு 5 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. ஊழியர்கள் கொஞ்சம் பரிவோடு நடந்திருந்தால் குழந்தை அமைதியாகியிருப்பான் என்றும் சொன்னது. அங்கே குறைந்தது அடையாளமா? இல்லை சகோதரிகளே, எப்படி நடந்துகொள்வது என்கிற பழக்கம்தான் குறைந்தது.

நாங்கள் செய்து பார்த்தது

அதனால் அட்டையை விட்டுவிட்டு ஆட்களிடம் போனோம். பஸ் நிற்கிற இடத்தில் டிரைவர், கண்டக்டர் டீ குடிக்கிற நேரம் பார்த்துப் போய்ப் பேசினோம். "ஆரன் அடிக்காதீங்கன்னு கேக்கல. புள்ள கத்துனா அஞ்சு நிமிஷம் பொறுங்க, இறக்கி விடாதீங்க" என்று மட்டும் கேட்டோம். நாங்களும் எங்கள் பங்குக்குக் கூட்டம் இல்லாத முதல் பஸ்ஸில் ஏறினோம், முன்னாடி உட்காராமல் நடுவில் உட்கார்ந்தோம், பையன் காதில் பஞ்சு வைத்தோம், அடுக்கி விளையாட பத்து புளியங்கொட்டை கையில் கொடுத்தோம்.

இரண்டாவது மாதம் பையன் கத்தினபோது, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னாடியே கண்டக்டர் திரும்பி, "நம்ம புள்ளதாங்க, ஆரன் சத்தம் ஆகாது. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எந்த அட்டையையும் விடப் பெரிசு.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எப்போதும் இது பலிப்பதில்லை. புது கண்டக்டர் வந்தால் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழே திருவண்ணாமலை பௌர்ணமிக் கூட்டத்தில் நம்மை யாருக்குத் தெரியும்? அங்கே அட்டை தேவைதான். எங்களில் ஒருத்தி இன்றைக்கும் வெளியூர் போனால் மகன் சட்டையில் அட்டையைக் குத்தித்தான் கூட்டிப் போகிறாள். அவன் கண் இமைக்கிற நேரத்தில் ஓடிவிடுவான், பேரைச் சொல்லத் தெரியாது. அவள் செய்வது தப்பு என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம்.

ஆக, எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. ஒன்றில் மட்டும் ஐந்து பேரும் ஒத்துப் போனோம். அட்டை வாங்குவது உரிமை. அதை எப்போது, யாரிடம் காட்டுவது என்பது அந்தப் பிள்ளையும் அவன் வீடும் எடுக்க வேண்டிய முடிவு. வெள்ளைச் சேலை மாதிரி ஊர் மாட்டிவிட்டால் அது தண்டனை. நம்ம குழு அடையாள அட்டை மாதிரி நாமே எடுத்துக் காட்டினால் அது பலம்.

நாம் செய்ய வேண்டியவை

1. தனித்துவ அடையாள அட்டையை எல்லாரும் வாங்குங்கள். "ஊருக்குத் தெரிஞ்சிடும்" என்று பயந்து வாங்காமல் இருக்காதீங்க. அட்டை பெட்டியில் இருக்கலாம், உரிமை கையில் இருக்க வேண்டும். 2024 விதிப்படி 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

2. அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், தமிழக அரசின் மாதாந்திர பராமரிப்பு உதவிக்கு மனு கொடுங்கள். 2023-இல் இது 2000 ரூபாயாக உயர்ந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதற்கெல்லாம் அந்த அட்டையும் சான்றிதழும்தான் ஆதாரம்.

3. பேரைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, வெளியே தெரியாமல் ஒரு அடையாளம் வையுங்கள். அப்பா அல்லது அம்மாவின் போன் நம்பரை மட்டும் எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றி, சட்டையின் உள்மடிப்பில் தைக்கலாம். அரைஞாண் கயிற்றில் தாயத்துக் கூடு மாதிரியும் கோக்கலாம். குறைபாட்டின் பேரை எழுத வேண்டாம். காட்டோரம் வீடு இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நம் தையல் குழுவினர் இலவசமாகத் தைத்துக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள்.

4. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அவனையே, அவளையே கேளுங்கள். கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

5. ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, தன் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் எப்படி நடந்துகொள்வது என்று அந்த அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். அவள் விரும்பினால் மட்டும். அங்கன்வாடி, பள்ளி, ரேஷன் கடை, பஸ் ஊழியர்களிடம் பேசப் போகும்போது அவளோடு நாலு பேர் கூடப் போங்கள். தனியாகப் போனால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். குழுவாகப் போனால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

6. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள், போதும்.

கடைசியாக ஒரு வார்த்தை

சகோதரிகளே, அடுத்த தடவை பஸ்ஸிலோ சந்தையிலோ திருவிழாவிலோ ஒரு பிள்ளை காரணம் இல்லாமல் கத்துவதைப் பார்த்தால், அவன் கழுத்தில் அட்டை இருக்கா என்று தேடாதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும் ஒரு காரணம் இருக்கும். "ஏம்மா, அடக்க மாட்டியா?" என்று கேட்கிற வாயால், "நான் ஏதாச்சும் பண்ணணுமாம்மா?" என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் நம் குழுக்காரர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை. எங்களுக்கே இப்படிப் பிள்ளை பிறந்திருக்காவிட்டால் நாங்களும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக் கொண்டிருந்திருப்போம். இனிமேல் அந்த நாலைந்து பேரில் ஒருத்தராவது எழுந்து, "நம்ம புள்ளதாங்க" என்று சொன்னால், எங்கள் அட்டைகள் எங்கள் மடியிலேயே இருந்துவிட்டுப் போகும்.